திரும்பி வராத உத்தரவு

கடல் இல்லாத மாவட்டத்தில் பிறந்து நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தலைவனாக இருந்தவன் நான். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைதான் சொந்த ஊர். மழை பெய்தால் ஏரியில் தண்ணீரைப் பார்க்கலாம். பெய்யாத வருஷம் ஏரியை மட்டும் பார்க்கலாம். கடற்படைத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி, கடலைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போனதுண்டு. போகிற வழியெல்லாம் பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டு, மணலில் துண்டை முகத்தில் போட்டுப் படுத்துக் கிடந்தேன். அதை எப்படிச் சொல்வது? ஒரு தடவை போயிருக்கிறேன் சார், சத்தம் கேட்டது என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிற்பாடு கடலைக் காதால் மட்டுமே பார்க்கிற வேலைக்கு நான் போய்ச் சேர்ந்ததற்கு அந்தப் பதில்தான் காரணமோ என்னவோ.

நீர்மூழ்கிக்கு நானே விருப்பம் தெரிவித்துப் போனதைப் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் வீரம் என்று பேசியிருக்கிறேன். கைதட்டவும் செய்தார்கள். நடந்தது வேறு. சாதாரணப் போர்க்கப்பலில் இருந்த காலம் முழுக்க எனக்குக் குமட்டல் நிற்கவில்லை. ஒரு மூத்த அதிகாரி இரக்கப்பட்டு, கொஞ்சம் கீழே இறங்கிவிட்டால் அலையே கிடையாதப்பா என்றார். அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். இறங்குவதற்கு முன்னால் அந்தக் கப்பல் வெகுதூரம் மேலேயே மிதந்து போக வேண்டும், அதன் உருண்டை உடம்புக்கு அப்போது உருட்டிவிட்ட பீப்பாய் மாதிரி புரளும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இன்று ஓய்வுபெற்ற தாசில்தாராக இருந்திருப்பேன்.

விசாகப்பட்டினத்தில் பயிற்சி. கண்ணைக் கட்டிவிட்டு, இந்தக் குழாய் எங்கே போகிறது, இந்தத் திருகு எதை அடைக்கும் என்று கையால் தடவிச் சொல்லச் சொல்வார்கள். முதல் தடவை கப்பல் ஆழத்துக்கு இறங்கியபோது ஒரு கிண்ணம் கடல் தண்ணீரைக் கையில் கொடுத்துக் குடிக்க வைத்தார்கள். புது ஆளுக்கு அது சடங்கு. குடித்தேன். மாமல்லபுரத்தில் விட்டதை அங்கே பிடித்துவிட்டேன்.

அந்தக் கப்பலுக்குள் எனக்குப் பிடித்துப்போன பழக்கம் ஒன்று உண்டு. உத்தரவு கொடுத்தால், வாங்கிக்கொண்டவன் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் "ஆழம் நாற்பது" என்றால் அவன் "ஆழம் நாற்பது" என்பான். அந்தக் குரல் திரும்பி வந்த பிறகுதான் என் உத்தரவுக்கு உயிர். வராவிட்டால் நான் எதுவுமே சொல்லாததாகக் கணக்கு. மறுபடி சொல்ல வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். வெளியே கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில், எழுபது எண்பது பேரின் மூச்சு அந்த ஒரு பழக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பிச் சொல்லிவிட்டானா, புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதா, செய்துவிடுவான். முப்பது வருஷத்துக்கு மேல் நான் இதை நம்பியே பிழைத்தேன்.

படிப்படியாக ஏறினேன். ஒரு கப்பலுக்குத் தலைவன். பிறகு கரையில் இருந்தபடி பல நீர்மூழ்கிகளுக்குச் சேர்த்துப் பொறுப்பு. கடைசியில் டெல்லியில் கமடோர் என்ற பெயர்ப்பலகையோடு ஒரு மேசை. மேசை மூழ்காது என்பதால் அங்கே எனக்குத் திறமை காட்ட வழியில்லாமல் போயிற்று. அட்மிரல் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், தொப்பி அளவு சரியாக இல்லை என்று சொல்லிவிடுவேன்.

ஊரில் என் பெருமை வேறு விதமாகப் பரவியிருந்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பக்கத்து நிலத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர்தான் டீக்கடையில் என் செய்தித் தொடர்பாளர். "எங்க தம்பி ஏறுன கப்பல் ஒண்ணுகூட மேல நிக்கலையாம்" என்று வருத்தமான முகத்தோடு சொல்லிவைத்திருந்தார். விடுமுறைக்கு வந்தபோது, பரவாயில்லை, வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கிழவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

என் மனைவி செங்கம் பக்கம். அவள் பேச்சுக்காரி. நான் வாரக்கணக்கில் கழித்து வீடு திரும்பினால் வாசலிலேயே நிறுத்தி, துணிப்பையைப் பின்பக்கம் போடச் சொல்வாள். டீசல் நாற்றம் போக இரண்டு தடவை குளிக்க வேண்டும். கப்பலுக்குள் சத்தம் போடாமல் பேசிப் பேசி எனக்குக் குரல் இறங்கியிருக்கும். "இங்க யாரும் ஒட்டுக் கேக்கல. வாயத் தொறந்து பேசுங்க" என்பாள். ஆனால் நான் பேச ஒன்றும் இருக்காது. எங்கே போனேன், எவ்வளவு ஆழம், எப்போது மேலே வந்தேன், எதுவும் சொல்லக் கூடாது. அதனால் அவள்தான் சொல்வாள். போன நாளிலிருந்து வந்த நாள் வரைக்கும் நடந்ததை வரிசையாக, யார் யார் என்ன புடவையில் வந்தார்கள் என்பது உட்பட. எங்கள் கல்யாண வாழ்க்கை அப்படித்தான் பங்கு பிரிந்திருந்தது. பேச்சு அவளுக்கு, ரகசியம் எனக்கு.

திருப்பிச் சொல்கிற பழக்கம் எனக்கு வீட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. பால் அடுப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவாள். "பால் அடுப்பில் இருக்கிறது" என்று சத்தமாகத் திருப்பிச் சொல்வேன். பால் பொங்கி வழியும். வந்து அடுப்பைத் துடைத்துக்கொண்டே, வாய் மட்டும் திருப்பிச் சொல்லுது, கை எங்க போச்சு என்று கேட்பாள். நான் ஏதாவது சொன்னால் அவள் ஒரு நாளும் திருப்பிச் சொன்னதில்லை. "ம்" என்பாள், அல்லது சண்டைக்கு வருவாள்.

நான் ஓய்வு பெற்றதும் அடி அண்ணாமலைக்கு வரலாம் என்றது அவள்தான். எங்கள் பங்கு நிலத்தில், மலை தெரிகிற மாதிரி வீடு. சமையலறை ஜன்னலில் மலை வர வேண்டும் என்று கொத்தனாரோடு மல்லுக்கட்டி ஜன்னலை இடம் மாற்றினாள். ஊர் ஊராக அரசாங்கக் குடியிருப்புகளில் அட்டைப்பெட்டி கட்டி அவிழ்த்தவள். குடிபோன அன்றைக்கு மிச்சமிருந்த பெட்டிகளையெல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். இதுதான் கடைசி வீடு என்றாள்.

போன வருஷம் ஒரு காலையில் அந்த ஜன்னலுக்குக் கீழேயே விழுந்தாள். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. காரில் போட்டு டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். உயிர் தப்பியது. வலது கை மெல்லத் தேறியது. நடந்தாள். பேச்சு மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் இருவரில் நான் பேசினேன், அவள் கேட்டாள்.

ஒரு நாள் விடிந்ததும், "என்னைத் தெரியுதா?" என்றேன்.

"என்னைத் தெரியுதா" என்றாள்.

குரல் அவளுடையதேதான். நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்ததில் மூக்கு ஒழுகியது. தண்ணி வேணுமா என்றேன், தண்ணி வேணுமா என்றாள். டாக்டர் வந்தார் என்றேன், டாக்டர் வந்தார் என்றாள். ஒரு எழுத்து பிசகவில்லை. என் கப்பலில் மிகச் சிறந்த மாலுமிகூட இவ்வளவு சுத்தமாகத் திருப்பிச் சொன்னதில்லை. பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, அம்மா பிழைத்துவிட்டாள், நான் சொல்வதெல்லாம் புரிகிறது, எல்லாவற்றையும் திருப்பிச் சொல்கிறாள் என்றேன். நாற்பது வருஷமாகச் சொல்லாதவள் இப்போதுதான் ஒழுங்குக்கு வந்திருக்கிறாள் என்று வார்டில் இருந்த நர்ஸிடம் ஜோக் அடித்தேன். அவரும் பாவம், சிரித்துவைத்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். என் மகள் வயதுகூட இருக்காது. மேசையில் ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு சீப்பு வைத்தார். நான் பெருமையோடு பக்கத்தில் நின்றேன், என்னுடைய ஆள் பரீட்சை எழுதுவதைப் போல.

"அம்மா, சீப்பை எடுங்க" என்றார் அந்தப் பெண்.

"சீப்பை எடுங்க" என்றாள் என் மனைவி. கை மடியிலேயே கிடந்தது.

"தட்டைத் தொடுங்க."

"தட்டைத் தொடுங்க."

கை அசையவில்லை. அந்தப் பெண் கரண்டியைத் தூக்கிக் காட்டி, இது சீப்பா என்று கேட்டார். இது சீப்பா என்று பதில் வந்தது. அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், அம்மா சொல்றதெல்லாம் கரெக்ட்டாத்தான் இருக்கு. ஆனா புரிஞ்சு சொல்றாங்கனு எடுத்துக்காதீங்க. காதுல விழுந்தது அப்படியே வாய் வழியா வந்துடுது. நடுவுல நிக்கறதில்ல."

எனக்கு அது உடனே ஏறவில்லை. உத்தரவு திரும்பி வருகிறது, சுக்கான் திரும்பவில்லை. இப்படி ஒன்று உலகத்தில் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு எந்தக் குழாய் எங்கே போகிறது என்று சொல்லத் தெரிந்தவன், அந்த வராந்தாவில் அந்தப் பெண்ணிடம், "அப்போ அவ எங்க இருக்கா?" என்று கேட்டேன். அவருக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் இல்லை. அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை.

வீட்டுக்கு வந்தோம். சமைக்கப் பழகினேன். என் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பயன். காலையில் பேப்பரை வாசிப்பேன், தலைப்புகளைத் திருப்பிச் சொல்வாள். பேச்சு நின்றால் வீடு கப்பல் மாதிரி ஆகிவிடும் என்பதால் நான் ஓயாமல் பேசினேன். பேச விஷயம் தீர்ந்தபோது, வருஷக்கணக்காகப் பூட்டி வைத்திருந்ததை எடுத்தேன். யாரிடம் சொல்லப் போகிறாள் என்ற தைரியம். ஒருமுறை நாங்கள் எவ்வளவு ஆழத்துக்குப் போனோம் என்பதை, புரிகிற மாதிரி அடிக்கணக்கில், மெதுவாக அவள் காதருகே சொன்னேன். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். அதே நேரம் பார்த்து அண்ணன் கொல்லைப்பக்கமாகக் கீரைக்கட்டோடு உள்ளே வந்தார். என் மனைவி அவரைப் பார்த்து, நாட்டின் பாதுகாப்பு ரகசியத்தைக் கணீரென்று, அடி சுத்தமாகச் சொன்னாள்.

அண்ணன் கீரையைக் கீழே வைத்தார். "இன்னாடா, போர் போடறியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அவ்ளோ ஆழத்துலயா தண்ணி கெடச்சுது?"

"நெறைய கெடச்சுதுண்ணா."

"உப்பா?"

"உப்புதான்."

"அப்ப மூடிடு. காசுக்குப் புடிச்ச கேடு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்தேன். பழைய காலமாக இருந்தால் அவளும் இதை வைத்து ஒரு மாதம் என்னைப் பிய்த்திருப்பாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் "மூடிடு" என்றாள், அவ்வளவுதான்.

மகள் மாதம் ஒரு முறை வருவாள். வந்தவள் ஒரு தடவை, தன் குடியிருப்பிலேயே தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகிறது என்றாள். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். அவள் சொன்ன காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் பாதையில் வண்டியே விட மாட்டார்கள். மத்தியானத்திலிருந்தே கூட்டம் நடக்க ஆரம்பிக்கும். வாசலில் இளநீர்க்காரர், சுண்டல்காரர், உட்கார்ந்து கால் பிடித்துக்கொள்கிறவர்கள். கேட்டைத் திறந்து காரை வெளியே எடுக்க முடியாது. "முதல் தடவை சாதாரண நாள்ல வந்துச்சு, தப்பிச்சோம். பௌர்ணமியில வந்தா என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள். முன்பு நான் ஒரு கப்பல் கூட்டத்துக்கே அவசரத் திட்டம் போட்டவன். என் வீட்டு வாசலைத் தாண்ட என்னிடம் திட்டம் இல்லை.

பிறகு அம்மாவுக்கு எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்தாள். "அம்மா, எங்ககூட வந்துடறீங்களா?"

"வந்துடறீங்களா" என்றாள் அவள்.

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மாவே கூப்பிடுகிறாள் பாருங்கள் என்றாள். அந்தப் பயிற்சிப் பெண் சொன்னதை நான் மறுபடி விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். படித்த பெண், மறுக்கவில்லை. "சரிப்பா, வர்றேன்னு சொல்லல. வேணாம்னும் சொல்லலையே. நீங்க சொல்லுங்க. முடிவெடுக்கறதுதான உங்க வேலையா இருந்துச்சு."

எல்லோருக்கும் இந்த எண்ணம் உண்டு. கப்பல் தலைவன் என்றால் சட்டென்று முடிவெடுப்பான் என்று. எங்களுக்கு நூறு முள்ளும் டயலும் இருந்தன. காதில் கருவி மாட்டிக்கொண்டு சோனார்க்காரன் ஒருவன் இரவு பகலாக உட்கார்ந்து, இடது பக்கம் ஏதோ கேட்கிறது என்று சொல்வான். அதையெல்லாம் கேட்ட பிறகு முடிவெடுப்பது பெரிய வித்தை இல்லை. இங்கே எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்குச் சம்மதமா? ஜன்னலை இடம் மாற்றியவள், பெட்டிகளைக் கொளுத்தியவள், அவள் இன்னும் உள்ளே இருக்கிறாளா, அவளுக்கு இப்போது என்ன வேண்டும்? அடுத்த மாத ஆரம்பத்துக்குள் அந்த வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாள் மகள்.

அதற்குள் ஒரு பௌர்ணமி வந்தது. மத்தியானம் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தேன். வெளியே யாரோ ஒருவர் "அண்ணாமலைக்கு" என்று இழுத்தார். கூட்டம் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி "அரோகரா" என்றாள். நான் கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்தேன். அவள் திருப்பிச் சொல்லவில்லை, பதில் சொன்னாள். உடனே அந்தப் பயிற்சிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை சொன்னது தானாக வந்துவிடும் சார், வாய்ப்பாடு சொல்கிற மாதிரி என்றார். ஓரெண்டு ரெண்டு என்று ஆரம்பித்துப் பார்த்தேன். ஈரெண்டு நாலு என்று தொடர்ந்து பதினாறு வரை போய்விட்டாள். என்னால்கூட அவ்வளவு வேகமாக முடியாது.

சாயந்தரம், கூட்டம் இரைச்சலாக வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. காபி போட்டு அவள் கையில் கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்தாள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இத்தனை நாள் நான் அவளிடம் இதைக் கேட்கவே இல்லை. மகள் கேட்டாள், நான் கேட்கவில்லை. எதிரொலி வந்தால் அதை வைத்து என்ன செய்வது என்ற பயம்.

"இந்த வீட்ட விட்டுட்டு பெங்களூர் போயிடலாமா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வெளிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று நினைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டேன். அதே பார்வை. வாய் திறக்கவில்லை. மருத்துவமனையில் அந்த முதல் விடியலுக்குப் பிறகு நான் சொல்லி அவள் திருப்பிச் சொல்லாமல் விட்ட முதல் வாக்கியம் அது. சோதிக்க வேண்டுமே.

"காபி ஆறிடுச்சு" என்றேன்.

"காபி ஆறிடுச்சு" என்றாள்.

"பெங்களூர் போயிடலாமா?"

இல்லை. மூன்றாவது தடவையும் இல்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. திருப்பிச் சொல்லாத உத்தரவு செல்லாது. இது எங்கள் கப்பலின் சட்டம். அவளுக்கு அந்தச் சட்டம் தெரியும், பால் பொங்கின நாட்களில் அதை வைத்து என்னைக் கேலி செய்தவள் அவள். அவள் உள்ளே இருக்கிறாள், எனக்குப் புரிகிற பாஷையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ராத்திரி பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் பேப்பர் வாசித்தேன். அவள் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. தண்ணி வேணுமா என்றேன். இல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அண்ணாமலைக்கு என்று ஆரம்பித்து நிறுத்தினேன். காத்திருந்தேன். மறுபடி ஆரம்பித்து நிறுத்தினேன். கூட்டம் கலைந்த பாதையில் நகராட்சி ஆட்கள் குப்பை பெருக்கிக்கொண்டிருந்தார்கள். காரை எடுத்தேன்.

ஸ்கேனில் இன்னொரு சிறிய அடைப்பு தெரிந்தது. எப்போது நடந்திருக்கும் என்றேன். ஒன்றிரண்டு நாளுக்குள் என்றார் டாக்டர். நேற்றுச் சாயந்தரமா, ராத்திரியா என்றேன். அவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல முடியாது என்றார்.

மகள் அன்றே வந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஒரு சோனார்க்காரன் தான் கேட்டதைத் தலைவனுக்கு ஒப்பிப்பதைப் போல, கூட்டாமல் குறைக்காமல். அவள் ரொம்ப நேரம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா வேணாம்னு சொன்னாங்களா, இல்ல அப்பத்தான் பேச்சு போச்சா?"

"நடுவுல காபி ஆறிடுச்சுனு சொன்னா."

"நிச்சயமாச் சொன்னாங்களா?"

"சொன்னா."

"இப்ப எம்முன்னாடி ஒரு தடவ கேளுங்க."

நான் கேட்கத் தயங்கினேன். என் வேலைக் காலத்தில் எத்தனையோ உத்தரவு கொடுத்திருக்கிறேன். வாயில் வார்த்தை ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். அவள் திருப்பிச் சொன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் குரல் போய்விட்டது என்று ஆகும். நான் எதை வேண்டிக்கொள்வது? கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, போயிடலாமா என்று சொல்லிவிடம்மா, வீடு போனால் போகட்டும் என்று மனசு கெஞ்சியது. பெங்களூரில் எந்த மலையும் இல்லாத ஜன்னலோரம் அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்டுக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டிவிடத் தயாராக இருந்தேன்.

அவள் சொல்லவில்லை. மகள், காபி ஆறிடுச்சும்மா என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கும் இல்லை.

மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த வீட்டுக்காரருக்கு என் எதிரிலேயே போன் செய்து, வேண்டாம் என்று சொன்னாள். என்னை நம்பினாளா, என் மேல் இரக்கப்பட்டாளா என்று நான் கேட்கவில்லை. "பௌர்ணமிக்கு மட்டும் வழி பண்ணுங்கப்பா. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வழி பண்ணியது அண்ணன். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் டிராக்டர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், எங்கள் கொல்லைச் சுவரிலிருந்து அவருடைய வேர்க்கடலைக் காட்டின் நடுவே, பின்பக்க மண் ரோடு வரைக்கும் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பிடித்தால் பைபாஸ் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். காய் பிடிக்கிற நேரம். செடிகள் டயருக்கு அடியில் மடிந்து கிடந்தன. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாமே அண்ணா என்றேன்.

"ஒனக்கு ஒரு மாசம் பொறுக்கும். பௌர்ணமி பொறுக்குமாடா? மூழ்கறவனுக்குத்தான் ரோடு வேணாம். செவுத்த இடிச்சு கேட்டு போடு, போ" என்றார்.

கேட் போட்டாயிற்று. பௌர்ணமிக்கு முதல் நாளே மகள் வந்து, காரைக் கொல்லைப்பக்கம் வெளியே பார்த்து நிறுத்திவிடுகிறாள். இதுவரை தேவைப்படவில்லை.

அந்தச் சாயந்தரம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்குப் பதிலா, நோயா? சில நாள் நிச்சயமாகத் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை. மகளிடம் சொல்லும்போது மட்டும் நிச்சயமாகச் சொல்கிறேன். காலையில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துத் தலை வாரிவிட்டு, பேப்பர் வாசிக்கிறேன். ஒவ்வொரு தலைப்புக்குப் பிறகும் பழக்கத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். பிறகு அடுத்ததுக்குப் போகிறேன். கேள்வி மட்டும் கேட்பதில்லை.